மலை இன்னும் உட்காரவில்லை

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்திக்குப் போகும் நெடுஞ்சாலையில், யாத்திரிகர்கள் பெரும்பாலும் கண்ணயர்ந்தபடியே கடந்துவிடுகிற ஊர் ஏர்பேடு. ஒரு பக்கம் திருப்பதி, மறு பக்கம் காளஹஸ்தி என்று இரண்டு மகா க்ஷேத்திரங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டதனால், தன் பெயரைச் சொல்லி எவரையும் வண்டியைவிட்டு இறங்கச்செய்ய முடியாமற்போன அந்த ஊருக்கு நான் போனதும் தெய்வ தரிசனத்தை முன்னிட்டு அல்ல. ரயில்வே உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் கழித்து ஓய்வு பெற்ற என் பால்ய சிநேகிதர் அங்கே ஒரு சிறு வீடு கட்டியிருந்தார். 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் கிருகப்பிரவேசம் என்று எழுதியிருந்தார். நானும் போய் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் விசேஷம் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று தெரிந்தது. மழைக்கு முன் மண் கொட்டி மேடாக்கிய தரையில் எழுப்பியிருந்த சுற்றுச்சுவர், நவம்பர் மாத மழையில் ஒரு முழம் கீழே இறங்கி, நடுவில் வாய் பிளந்து நின்றது. சிநேகிதர் அதை எனக்குச் சுற்றிக் காட்டினார். கொத்தனார் ஒருவர், தமிழும் தெலுங்கும் சரிபாதி கலந்த சித்தூர்ப் பேச்சில், “அப்பவே சொன்னேன் சாமி, கொட்டின மண்ணு ஒரு மழைக்காலம் உட்காரணும்னு. அய்யா கேக்கல” என்று என்னிடம் நியாயம் கேட்டார். சிநேகிதர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கேரளத்திலிருந்து வந்து திருமலையில் கோகர்ப்பம் என்னும் இடத்தில் பல ஆண்டுகள் தவம் கிடந்த மலயாள சுவாமிகள், 1920களில் மலையை விட்டு இறங்கி வந்து வியாசாசிரமத்தை நிறுவியது இவ்வூரில்தான். வேதாந்தமும் சமஸ்கிருதமும் பிறப்பால் சிலருக்கே உரியவை என்று கருதப்பட்ட காலத்தில், ஜாதி பேதமின்றியும் ஆண் பெண் பேதமின்றியும் அவற்றைக் கற்பித்த ஆசிரமம் அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், அதே ஊரின் எல்லையில் ஐ.ஐ.டி. ஒன்று எழுந்து, மண்ணும் பாறையும் எந்தப் பாரத்தில் நிற்கும், எந்தப் பாரத்தில் நழுவும் என்பதைச் சூத்திரங்களாகச் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டு கலாசாலைகளுக்கும் மேற்கே, எதற்கும் பதில் சொல்லாமல், சேஷாசலத்தின் நீண்ட முதுகு தெரிகிறது.

நான் போன சமயம் அந்த முதுகில் வெள்ளிக் கோடுகள் இழுத்தாற்போல அருவிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சாதாரணமாக டிசம்பரில் அவை இருப்பதில்லை என்றார் சிநேகிதர். நவம்பர் 18, 19 தேதிகளில் பெய்த மழையை அவர் வருணித்ததை அப்படியே எழுதினால் மிகை என்று தோன்றும்; ஆனால் அந்நாட்களில் தேசம் முழுவதும் படங்களாகப் பார்த்ததுதான் அது. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் படிக்கட்டுகள், படி தெரியாத ஓர் அருவியாக மாறின. இரண்டு மலைச் சாலைகளும் அடைக்கப்பட்டன. மேலே இருந்த பக்தர்கள் மேலேயே தங்க நேர்ந்தது. கோடையில் மணலாய்க் கிடக்கும் சுவர்ணமுகி, திருச்சானூரருகே கரையோர வீடு ஒன்றை அடியோடு விழுங்கியது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படும் ராயலசெருவு ஏரியின் கரையில் நீர் கசியத் தொடங்கிக் கீழேயுள்ள கிராமங்களைக் காலி செய்யவேண்டியதாயிற்று. மலைத்தொடருக்கு அப்பால், ராஜம்பேட்டைப் பக்கம் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை 19ஆம் தேதி காலையில் உடைந்து, பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இவை எல்லாம் மழை பெய்தபோது நடந்தவை. மழையில் வெள்ளம் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என்னைச் சிந்திக்க வைத்தது அதன் பிறகு நடந்தது. பெருமழை ஓய்ந்து, இடையிடையே சில நாள் தூறலும் வெயிலுமாகக் கழிந்து, சாலைகள் திறக்கப்பட்டு, ‘இனிப் பயமில்லை’ என்று பக்தர் கூட்டம் மறுபடியும் மலையேறத் தொடங்கிய பிறகு, டிசம்பர் முதல் தேதி புதன்கிழமை விடியற்காலையில், மேலேறும் இரண்டாம் மலைச்சாலையில் பாஷ்யகாரர் சந்நிதிக்கு அருகே பிரமாண்டமான பாறைகள் உருண்டு விழுந்து, தடுப்புச் சுவரையும் சாலையையும் பெயர்த்துவிட்டன. அவ்வழியே வந்துகொண்டிருந்த பேருந்தின் ஓட்டுநர் சமயத்தில் நிறுத்தியதால் பக்தர்களுக்கு உயிர்ச்சேதம் நேரவில்லை. பெருமழைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து! தூவானம் விடவில்லை என்று நம்மவர்கள் சொல்லும் பழமொழி மலைக்குப் பொருந்துகிற அளவு வேறெதற்கும் பொருந்துமா என்று தெரியவில்லை.

தெலுங்குப் பத்திரிகைகள் இதனை, ‘கொண்ட சரியலு விரிகி பட்டாயி’ என்று எழுதுகின்றன. ‘சரிய’ என்பது அவர்களுக்கு மலையின் பக்கச் சாய்வு. நமக்குச் ‘சரிவு’ என்பது சாய்வும் ஆகும், சரிந்து விழுதலும் ஆகும். சாய்ந்திருப்பது ஒருநாள் சரியும் என்பதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது. நிலச்சரிவும் பனிச்சரிவும் அந்த ஒரே சொல்லின் குழந்தைகள். ஆங்கிலேயருக்கு இந்தச் சிக்கனம் இல்லை. பனி விழுந்தால் ஒரு பெயர், மண் விழுந்தால் வேறு பெயர். ஆயினும் அவர்களும் ஒருமுறை தடுமாறியிருக்கிறார்கள். நீலகிரியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஒரு மலைப்பக்கம் மொத்தமாய்ச் சரிந்த இடத்துக்கு, அந்தப் பக்கம் பனிச்சரிவு என்ற வஸ்துவே இல்லை என்பதையும் பொருட்படுத்தாமல், ‘அவலாஞ்ச்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம்மவர் வாயில் அது அவலாஞ்சி ஆயிற்று. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பெய்தது. பெயர் வைத்தவர்கள் ஒரு வகையில் தீர்க்கதரிசிகளோ என்னவோ.

வந்தது வீணாகாமல் மறுநாள் குடிமல்லத்துக்குப் போனோம். ஏர்பேட்டு மண்டலத்தைச் சேர்ந்த சிற்றூர். சுவர்ணமுகியின் கரையில், பாப்பாநாயுடுபேட்டையைத் தாண்டி இருக்கிறது. பாப்பாநாயுடுபேட்டையில் கண்ணாடியை உருக்கி, குழாயாக இழுத்து, மணி மணியாக நறுக்கும் பழைய கைத்தொழில் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. மழையில் விறகு நனைந்து சூளை அவிந்து கிடந்ததால் நாங்கள் பார்க்க முடிந்தது குளிர்ந்த அடுப்பையே. குடிமல்லத்துப் பரசுராமேசுவரரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும். ஐந்தடி உயரத்து லிங்கத்தில், ஒரு குறுவுருவின் தோள்மேல் கால் ஊன்றி, கையில் மழுவோடு நிற்கும் அந்த வேட்டுவ ரூபம், கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தியது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். கருவறை தரைமட்டத்துக்குத் தாழ்வாக இருக்கிறது. எப்போதோ ஒருமுறை, பல்லாண்டு இடைவெளி விட்டு, நிலத்தடியிலிருந்து நீர் பொங்கி லிங்கத்தை மூழ்கடித்துத் தானே வடிந்துபோகும் என்று ஊரார் சொல்கிறார்கள். கடைசியாக 2005இல் அப்படி வந்ததாம். அவர்களுக்கு அது அபிஷேகம். நான் அந்தத் தாழ்ந்த தரையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. வானத்திலிருந்து விழும் தண்ணீரைத்தான் நாம் கண்ணால் காண்கிறோம். கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் நடந்துபோகும் தண்ணீர் எந்த நாளில் எங்கே தலைகாட்டும் என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்கிறது.

மலைக்குப் போவதென்று மூன்றாம் நாள் முடிவாயிற்று. ஸ்ரீவாரி மெட்டு வழியாக நடந்து ஏற வேண்டும் என்பது எனக்கு வெகுநாளாய் ஆசை. சீனிவாசமங்காபுரத்துப் பக்கமிருந்து தொடங்கும் 2,388 படிகள், அலிபிரிப் பாதையை நோக்கச் சுருக்கமானவை. சிநேகிதர் சிரித்தார். படிகள் இருந்தால் அல்லவா ஏற? நவம்பர் வெள்ளம் அந்தப் பாதையைப் பல இடங்களில் பெயர்த்து, படிக்கல்லையும் கூரைத் தூணையும் ஓடைக்குள் தள்ளிவிட்டது. செப்பனிட்டுத் திறக்கப் பல மாதங்கள் ஆகும் என்றார். (அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் திறந்தார்கள்.) ஆகையால் பேருந்தைத் தவிர வேறு வழியில்லை. அலிபிரிச் சாவடியில் தடுப்பூசிச் சான்றையும் தரிசனச் சீட்டையும் காட்டிவிட்டு, மேலே விடுவதற்காக வரிசையில் நின்ற வண்டிகளின் பின்னே எங்கள் பேருந்தும் காத்து நின்றது. ஏறும் சாலை மூடப்பட்டுவிட்டதால், 1944இல் திறக்கப்பட்ட பழைய சாலை ஒன்றிலேயே, சற்று நேரம் ஏறுகிறவர்களையும் சற்று நேரம் இறங்குகிறவர்களையும் மாறி மாறி விட்டுக்கொண்டிருந்தார்கள். 1974இல் இரண்டாம் சாலை வருவதற்கு முன், நான் சிறுவனாய்த் தகப்பனாரின் மடியில் உட்கார்ந்து ஏறியது இதே பழைய வழியில்தான்.

எனக்கு முன் ஆசனம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் கிடைத்தது. நடுவயதைத் தாண்டியவர், நெற்றியில் நாமம், இருபது வருஷமாக இந்த மலையில் ஏறி இறங்குகிறவர் என்று பிறகு சொன்னார். வானம் கழுவித் துடைத்தாற்போல நீலமாக இருந்தது. மலைமுகடுகளில் வெயில் பொன்னாய்ப் படிந்திருந்தது. பின்னால் இருந்தவர்கள் கோவிந்த நாமம் போட்டபடி, “எவ்வளவு நல்ல நாள், எதற்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?” என்று அலுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் திரும்பிப் பாராமலே சொன்னார்: “மழ நின்னுபோச்சு சாமி. ஆனா கொண்ட இங்கா சர்துகோலேது.”

மழை நின்றுவிட்டது, மலை இன்னும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளவில்லை என்பது அதன் பொருள். இந்த வாக்கியத்தை வேறொரு பாஷையில், வேறொரு மலையடிவாரத்தில், இதே போன்ற நீல வானத்தின் கீழே நான் முன்பே கேட்டிருந்தேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் காஷ்மீரத்தில் குல்மார்குக்குப் போயிருந்தேன். போன அன்று தொடங்கிய பனி இரண்டு இரவும் ஒரு பகலும் ஓயாமல் பெய்தது. பனி பெய்வதில் மழையின் ஆரவாரம் கிடையாது. உலகத்தின் காதில் பஞ்சு அடைத்தாற்போல ஒரு நிசப்தம். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால், மரமும் வேலியும் கூரையும் வெண்மையில் உருண்டு திரண்டு, ஆகாயம் கண்ணைக் கூசும் நீலமாய், அபர்வத் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. சுமார் 13,000 அடி உயரத்துக்கு ஏறும் தொங்கு ஊர்தியின் மேற்பகுதியை மட்டும் அன்று ஓட்டவில்லை. பனிச்சறுக்குக்காக எங்கெங்கிருந்தோ வந்திருந்த வெளிநாட்டு வாலிபர்கள் பொறுமையிழந்து உலாவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழிகாட்டியாக அமர்ந்த உள்ளூர்க்காரரிடம், ஊர்தி போகாவிட்டால் நடந்தாவது அந்தச் சரிவின் ஓரம்வரை போய்வரலாமே என்றேன். அவர் காங்க்ரி என்னும் கணப்பை ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் இழுத்துக்கொண்டு, “பர்ஃப் அபீ பைட்டீ நஹீ, சாஹப்” என்றார். பனி இன்னும் உட்காரவில்லையாம். பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு, தங்குமிடத்துத் தாழ்வாரத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், எதிர்ச் சரிவில் யாரோ ஒரு கோடு கிழித்தாற்போலத் தோன்றி, அந்தக் கோட்டுக்குக் கீழிருந்த வெண்மை முழுவதும் ஒரே பாளமாக நகர்ந்து, பிறகு புகையாய் எழும்பிப் பள்ளத்தில் மறைந்தது. சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. அந்த வாலிபர்களில் ஒருவன் கையிலிருந்த சறுக்குக் கட்டைகளை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்ததை இப்போதும் நினைவில் காண்கிறேன்.

அந்த மாலை முழுவதும் வழிகாட்டியைக் கேள்விகளால் துளைத்தெடுத்தேன். மலைமீது பனி ஒரே வஸ்துவாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. நம் வீட்டுப் பரணில் அடுக்கிய பாய்களைப்போல. நடுவில் எங்கோ ஓரடுக்கு, கடுங்குளிர் இரவுகளில் சர்க்கரைபோலப் பொலபொலத்துப் போயிருக்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாத துகள்கள். அதன்மேல் புதுப்பனி முழங்காலளவு, இடுப்பளவு என்று ஏறிவிட்டால், மேலே உள்ள பாளம் கெட்டியாகவும் கீழே உள்ள பிடிமானம் பொய்யாகவும் நிற்கும். மிகவும் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடுகிறது. சமமான இடத்தில் நகர்வதில்லை. முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுதான் ஆபத்து. சறுக்கி விளையாடுகிறவனுக்குப் பரம ஆனந்தமான சாய்வும் அதுவே. பனி ஓய்ந்த முதல் ஓரிரு நாட்களில், வானம் தெளிந்து மனிதனை வெளியே அழைக்கும் அந்த வேளையில், பாளம் ஒரு மனிதனின் பாரத்துக்காகவே காத்திருப்பதுபோல் இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லி, அது வெறும் தற்செயல் என்று தர்க்க சாஸ்திரிகள் காகதாலீய நியாயம் பேசுவார்கள். பனிமலையில் அந்த நியாயம் செல்லாது. அங்கே காக்கை உட்காருவதனால்தான் பழம் விழுகிறது. ஊர்தி எல்லைக்கு வெளியே காட்டுச் சரிவுகளில் இறந்துபோகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், தங்கள் காலாலோ கூட வந்தவர் காலாலோ மிதித்துப் பெயர்த்த பனியிலேயே புதைந்தவர்கள். கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் அநேகர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்துவிட்டால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2023 பிப்ரவரி முதல் தேதி அதே அபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், அதற்கடுத்த பிப்ரவரியில் கிலன்மார்கில் ருஷ்யர் ஒருவரும் இவ்வாறு மாண்ட செய்தியைப் படித்தபோது, கணப்போடு உட்கார்ந்திருந்த அந்த வழிகாட்டியின் முகம் என் முன் வந்தது.

பனிச்சரிவு என்பது வடக்கத்தியாருக்கும் வெள்ளைக்காரருக்கும் உரிய விபத்து என்று நாம் தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் இடமில்லை. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்முனையின்மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தபோது, அடியில் அகப்பட்ட பத்துப் பேரும் மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தோடு இருந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வேலூரும் தேனியும் மதுரையும் கிருஷ்ணகிரியும் அவர்களுடைய ஜில்லாக்கள். ஒருவர் இந்த ஆந்திர தேசத்துக் கர்நூலைச் சேர்ந்தவர். ஆறு நாள் கழித்து, இருபத்தைந்தடி பனிக்கடியிலிருந்து கன்னடத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டபோது தேசமே அவருக்காகப் பிரார்த்தித்தது. 11ஆம் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். வெயிலையன்றி வேறொன்றும் அறியாத ஊர்களிலே பிறந்தவர்கள் அவர்கள்.

பேருந்து கிளம்பியது. ஓட்டுநர் வழக்கமாகப் போடும் பாட்டைப் போடவில்லை. ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொன்னார். காதால் ஓட்டுகிறவர்போல இருந்தது. ஒரு வளைவுக்கு முன் என்ன காரணமோ வண்டியை நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்துவிட்டார். கோவிந்த நாமமும் நின்றது. மேலேயிருந்து பட்டாணி அளவு கற்கள் நாலைந்து தாளம் தப்பிய ஜதிபோலத் தாவித் தாவி வந்து சாலையில் விழுந்தன. மேலே இலைகள் அசைந்தன. ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். “சின்னக் கல்லு வந்தா பின்னாடி பெரிசு வருதான்னு பாக்கணும் சாமி. அன்னிக்கு அப்படித்தான் வந்திச்சாம்.”

இம்மலைச் சாலையின் ஓரிடத்தில் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையினர் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். கோவிந்தனைத் தேடி ஓடுகிறவர்களில் அதைப் படிக்கிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். கீழே கிடப்பது இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கருங்கல். அதன்மேல் படிந்திருப்பது சுமார் நூற்றறுபது கோடி ஆண்டு வயதுள்ள குவார்ட்சைட் என்னும் இறுகிய மணற்கல். இரண்டும் தொடுகிற அந்த ஒரு விரற்கடை இடைவெளிக்குள் பல பத்துக் கோடி ஆண்டுகள் தடயமின்றிக் கரைந்துபோயிருக்கின்றன. பாறையில் கை வைத்தால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு கற்பகோடி காலம் அடங்கிவிடுகிறது. இந்த மலை நேற்றுத் தோன்றிய குன்று அன்று. சாவகாசமாகச் சரிகிற மலை. மேலடுக்கான குவார்ட்சைட் உளிக்கும் மசியாத கடினம். ஆனால் அது பாளம் பாளமாகவும் பெட்டி பெட்டியாகவும் பிளந்து நிற்பது. பிளவுகளுக்கு நடுவே மெல்லிய களிப்பாறை அடுக்குகளும் உண்டு. பெருமழையில் நீர் பிளவுகளில் இறங்கி நிரம்புகிறது. வெளியேற வழியில்லாமல் பாறையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. களி நனைந்து வழுக்குகிறது. மரவேர் ஆப்புபோல் இறங்குகிறது. சாலைக்காக மனிதன் அடியை வெட்டியெடுத்திருக்கிறான். மேலே வெயில் அடித்தாலும், உள்ளே ஏறிய நீர் பல நாட்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். கெட்டியான பாளம், அடியில் பொய்யான பிடிமானம், மேலே புதிய பாரம்: குல்மார்க் வழிகாட்டி பனியைக் குறித்துச் சொன்ன கதையை, பாத்திரங்களை மட்டும் மாற்றிச் சேஷாசலம் நடித்துக்கொண்டிருந்தது. பனி அதை ஓரிரு நாளில் நடித்து முடிக்கிறது. பாறைக்கு வாரங்கள் வேண்டியிருக்கிறது.

பனிமலைகளுக்கு இதைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். 1969இல் மணாலியில் ராணுவ ஆராய்ச்சித் துறையினர் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, எந்தக் கணவாயில் எந்த நாள் நடமாடலாம் என்று எச்சரிக்கை கொடுக்கத் தலைப்பட்டார்கள். இப்போது அது சண்டிகரில் வேறு பெயரோடு அந்தப் பணியைச் செய்கிறது. திருமலையிலும் டிசம்பர் விபத்துக்குப் பிறகு ஐ.ஐ.டி. நிபுணர்களை வரவழைத்துப் பாறைகளைப் பரிசோதித்தார்கள். கம்பி வலை போர்த்துவதும், இரும்பு முளைகளால் பாறையைப் பாறையோடு தைப்பதும் முதலான உபாயங்கள் பேசப்பட்டன. மூணாற்றில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்து, உள்ளே ஏறும் நீரின் அழுத்தத்தை அளந்து முன்னறிவிக்கிற ஏற்பாடு ஒன்றை ஏற்கெனவே செய்திருந்தார்கள். நல்லதுதான். ஆனால் அலிபிரியில் நின்ற வண்டிகளின் வரிசையைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. கருவிகள் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும். வானம் ‘இன்றே வா’ என்று சொல்லும். முன்பதிவு செய்த தரிசனச் சீட்டும், எடுத்த விடுமுறையும், கூட வந்த கிழவியின் நேர்த்திக்கடனும் வானத்தின் பக்கமே பேசும். பனிச்சறுக்குக்கு வந்த வாலிபனுக்கும் நேர்த்திக்கடன் ஒன்று இருந்தது. அவன் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

பக்தியை நான் குறை சொல்லவில்லை. இம்மலையைக் காலால் மிதிக்கக் கூசி முழங்காலாலேயே ஏறினார் ராமானுஜர் என்று ஐதிகம். அந்த ஏற்றத்துக்கு முழங்கால் முறிச்சான் என்றே பெயர். பாறை விழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் பாஷ்யகாரர் சந்நிதியும் அவருடைய நினைவே. மலையைத் தெய்வமாகக் கண்டவர்கள் அதன்முன் அஞ்சி நடந்தார்கள். அச்சமும் பக்தியின் ஒரு அங்கமாயிருந்தது. சாலை வந்து, பேருந்து வந்து, ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம் என்றானதும் பக்தி மட்டும் தங்கிவிட்டது. இதை எழுதும்போது திருவண்ணாமலையின் நினைவு வருகிறது. மூன்றாண்டுகள் கழித்து, அதே டிசம்பர் முதல் தேதியில், ஃபெஞ்சல் புயலின் மழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் இறங்கி அடிவாரத்து வீடு ஒன்றை மூட, குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்களே இருந்தன. அவர்கள் மலையேறப் போனவர்கள் அல்லர். தங்கள் வீட்டில் இருந்தவர்கள்.

தரிசனம் நன்றாக நடந்தது. கூட்டம் குறைவு, மேலே வரிசையில் நின்றதைவிடக் கீழே அலிபிரியில் காத்த நேரமே அதிகம். பொழுது சாயுமுன் இறங்க வேண்டும் என்று சிநேகிதர் அவசரப்படுத்தினார். இறங்குகையில், வேறொரு வளைவின் ஓரத்தில், நவம்பர் மழையில் விழுந்து இயந்திரத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டிருந்த ஒரு பாறையைக் கண்டோம். ஓர் ஆள் உயரம் இருக்கும். பிளந்த பக்கம் ரோஜா நிறத்தில் புத்தம் புதிதாய்ப் பளபளத்தது. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்குப் பின் அந்த முகத்தில் அப்போதுதான் முதன்முறையாக வெயில் பட்டிருந்தது. அலிபிரிப் படிகளில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமமிட்டுக்கொண்டே ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கல்லிலும் யாரோ மஞ்சள் பூசி, மூன்று இடங்களில் குங்குமம் வைத்து, அடியில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தியிருந்தார்கள். கரி மட்டும் மிஞ்சியிருந்தது.

ஏர்பேட்டுக்கு வந்து சேர விளக்கு வைத்தாயிற்று. கொத்தனார் சுற்றுச்சுவரின் வெடிப்பில் ஒரு சிமிட்டி வில்லையைக் குறுக்கே ஒட்டி, அதன்மேல் அன்றைய தேதியைக் கரித்துண்டால் எழுதிக்கொண்டிருந்தார். சுவர் இன்னும் இறங்கினால் வில்லை விரியும். விரியாமல் இருந்தால், பொங்கல் கழித்து மேலே கட்டலாம் என்றார். சிநேகிதர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது நான் அதைக் குனிந்து பார்த்தேன். மயிரிழை அளவு விரிந்திருந்தது.